மிருக வைத்தியம் படிக்கப் போற பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும்: யாழ்ப்பாணத்தில இருந்து பேராதனை வரைக்கும்

ஓஎல் எண்ட பதினோராம் வகுப்புச் சோதினை ரிசல்ட் வந்த கையோட கன வீடுகளில ஒரே கதைதான், பிள்ளை கெட்டிக்காரி, பயோ எடுக்கட்டும், டொக்டரா வரட்டும் எண்டு. அதுக்குள்ள ஒரு பிள்ளை "எனக்கு மிருக வைத்தியராத்தான் வர விருப்பம்" எண்டு சொன்னால் உடன ஆரோ ஒராள் "மாட்டு டொக்டரோ?" எண்டு கேப்பினம். அந்தப் பிள்ளைக்கும், அந்தக் கேள்வியைக் கேட்ட ஆக்களுக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். என்ர தங்கச்சி இந்த வழியால போய்ப் படிச்சு முடிச்சு இப்ப வன்னிப் பக்கம் வேலை செய்யிறா, அவ படிச்ச காலம் முழுக்க வீட்டில நிண்டு எல்லாத்தையும் பாத்தது நான், படிவம் நிரப்பினது, பஸ் ஏத்திவிட்டது, அம்மாவைச் சமாதானப்படுத்தினது எல்லாம். ஆகவே பிள்ளையின்ர பக்கம் கொஞ்சம், வீட்டின்ர பக்கம் கொஞ்சம் கூடுதலா சொல்லுறன்.

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். மிருக வைத்தியம் எண்டது மெடிசின் கிடைக்காத பிள்ளையள் போய் இருக்கிற இடம் இல்லை. அப்பிடி நினைச்சுப் போற பிள்ளை ரெண்டாம் வருசத்திலயே களைச்சுப் போகும். வேலையை நேர பாத்து, மணந்து, கையால தொட்டு, அதுக்குப் பிறகும் வேணும் எண்டு சொல்லுற பிள்ளைதான் போகவேணும், வீட்டுக்காரரும் அதை ஒருக்கா எண்டாலும் கண்ணால பாத்திருக்கவேணும்.

படிவத்துக்கு முதல்: போய்ப் பாருங்கோ

யாழ்ப்பாண மாவட்டத்தில கிட்டத்தட்ட ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் ஒண்டு இருக்கு, எங்கட சனம் மாட்டாஸ்பத்திரி எண்டு சொல்லுறது அதைத்தான். ஓஎல் எழுதிட்டு ஏஎல் (கம்பஸுக்கு எடுக்கிற உயர்தரப் படிப்பு) தொடங்குறதுக்கு இடையில கிடைக்கிற மாதங்கள்தான் இதுக்கு நல்ல நேரம். அம்மாவோ அப்பாவோ பிள்ளையோட போய் வைத்தியரைச் சந்திச்சு, பிள்ளைக்கு இந்தத் துறையில விருப்பம், கொஞ்ச நாள் ஒரு ஓரமா நிண்டு பாக்கலாமோ எண்டு மரியாதையாக் கேளுங்கோ. காலமைதான் சனம் நாயையும் ஆட்டையும் கொண்டு வரும், அந்த நேரத்தில குறுக்க நிண்டு கேள்வி கேக்காமல் இருந்தால் கன பேர் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பிறகு வெளியில போவினம், மாட்டுக்குச் சினை ஊசி போட, கன்று ஈன ஏலாமல் கிடக்கிற பசுவைப் பாக்க, தடுப்பூசி போட. அதுக்கும் கூட்டிக்கொண்டு போனால் அதைவிட நல்ல பாடம் இல்லை.

அங்க என்ன பாக்கவேணும்? தோள்மூட்டு வரைக்கும் நீளக் கையுறை போட்டு பசுவின்ர பின்பக்கத்தால கையை விட்டுச் சினை பாக்கிறதைப் பாருங்கோ. கன்று குறுக்கால கிடந்தால் கயிறு கட்டி எப்பிடித் திருப்பி இழுக்கினம் எண்டு பாருங்கோ. புழு வைச்ச புண்ணைக் கழுவேக்க வாற மணத்தைப் பாருங்கோ. ஆடு செத்த பிறகு என்னால செத்தது எண்டு அறுத்துப் பாக்கிறதையும் முடிஞ்சால் பாருங்கோ. பிள்ளைக்குத் தலை சுத்தினால் பரவாயில்லை, முதல் நாள் கன பேருக்குச் சுத்தும், அடுத்த நாளும் வரவேணும் எண்டு மனம் சொல்லுதோ எண்டதுதான் விசயம். நாய்க்குட்டி பூனைக்குட்டியில உள்ள ஆசை மட்டும் இதுக்குக் காணாது, ஏனெண்டால் படிக்கிறதில பெரிய பங்கு மாடு, ஆடு, பண்டி, கோழிதான்.

வீட்டில ஆடோ மாடோ நிண்டால் அது பெரிய வசதி. ஒரு கொப்பி வாங்கிக் குடுங்கோ, எழுதிப் பழகட்டும். எந்தத் திகதி வேட்கைக்கு வந்தது, எப்ப ஊசி போட்டது, எப்ப ஈன்றது. பசு கிட்டத்தட்ட 21 நாளுக்கு ஒருக்கா வேட்கைக்கு வரும், சினைக்காலம் 280 நாளுக்குக் கிட்ட, ஆட்டுக்கு 150 நாள், நாய்க்கு 63 நாள் அளவில. இதைப் புத்தகத்தில பாடமாக்கிறதுக்கும் கொட்டிலில நிக்கிற மறி ஆட்டை வைச்சு எண்ணிப் பாக்கிறதுக்கும் கன வித்தியாசம். என்ன குழை போட்டால் விரும்பித் தின்னுது, மழை தொடங்கினால் எந்தக் குட்டிக்கு முதல் இருமல் வருது, உண்ணி எந்த மாதத்தில கூட, இப்பிடி எல்லாத்தையும் எழுதினால் பிள்ளைக்கு ஒரு கண் வந்திடும், அந்தக் கண் பிறகு கிளினிக்கில உதவும்.

ஏஎல் பாடமும் இசட் ஸ்கோரும்

ஏஎல்லில உயிரியல் பிரிவு, அதில உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூண்டையும் எடுங்கோ. பௌதிகம் கஷ்டம் எண்டு விட்டிட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்கப் பாக்கிற பிள்ளையள் இருக்கினம், அது சில டிகிரிக்கு நல்ல தெரிவுதான், ஆனால் மிருக வைத்தியம்தான் இலக்கு எண்டால் பௌதிகத்தோட போறதுதான் எல்லாக் கதவையும் திறந்து வைக்கும். பாடம் தெரிவு செய்யிறதுக்கு முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசா வருசம் வெளியிடுற கைநூலை எடுத்து, மிருக வைத்திய விஞ்ஞானம் எண்ட பக்கத்தில என்ன பாடம், என்ன குறைஞ்ச பெறுபேறு கேட்டிருக்கினம் எண்டு பிள்ளையும் பெற்றோரும் சேந்திருந்து வாசியுங்கோ. அது தமிழிலயும் வருது, வெப்சைட்டிலயும் இருக்கு. டியூசன் வாசலில நிண்டு கேட்ட கதையை நம்பி முடிவு எடுக்காதேங்கோ, அங்க சொல்லுறதில பாதி பழைய வருசத்து விதி.

இசட் ஸ்கோர் எண்டால் என்னெண்டு கன பெற்றோருக்கு விளங்கிறேல்லை, பிள்ளைக்கு ஏ வந்தும் ஏன் கம்பஸ் கிடைக்கேல்லை எண்டு கவலைப்படுவினம். சுருக்கமாச் சொன்னால், உங்கட பிள்ளையின்ர மாக்ஸ் அந்தப் பாடத்தை நாடு முழுக்க எழுதின ஆக்களின்ர சராசரியில இருந்து எவ்வளவு மேல நிக்குது எண்டதை, அந்த மாக்ஸ் எல்லாம் எவ்வளவு பரந்து கிடக்குது எண்டதால பிரிச்சு எடுக்கிறது. மூண்டு பாடத்துக்கும் அப்பிடி எடுத்து அதின்ர சராசரிதான் பிள்ளையின்ர இசட் ஸ்கோர். ஆகவே ஒரு பாடத்தை மட்டும் தூக்கிப் பிடிச்சு மற்றதை விட்டால் சராசரி கீழ இழுத்துப் போடும். இதோட கொமன் ஜெனரல் டெஸ்ட் எண்டு ஒரு பேப்பர் இருக்கு, அதில 30 மாக்ஸ் எடுக்கவேணும், இசட் ஸ்கோருக்குச் சேராது எண்டு சொல்லி அதைத் தட்டிக் கழிக்காதேங்கோ, அது இல்லாட்டி மற்றது இருந்தும் பிரியோசனம் இல்லை.

இடம் பிரிக்கிற முறையும் தெரிஞ்சிருக்கவேணும். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் முழு நாட்டுத் தராதரத்தில, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஏஎல் எழுத முதல் கடைசி வருசங்களில எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சது எண்டதை வைச்சுத்தான் மாவட்டம் பாக்கிறது, ஆகவே நடுவில பிள்ளையைக் கொழும்புக்கு மாத்துற யோசினை இருந்தால் இதையும் கணக்கில எடுங்கோ. கைநூலிலயும் வெப்சைட்டிலயும் போன வருசங்களின்ர வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாக் கிடக்கும், யாழ்ப்பாணத்துக்கு நேர மிருக வைத்தியத்துக்கு என்ன புள்ளி எண்டு மூண்டு நாலு வருசத்தைப் பாத்து எழுதி மேசைக்கு மேல ஒட்டி விடுங்கோ. பொதுவா மெடிசின், டென்டலுக்குக் கீழதான் நிக்கும், ஆனால் இடங்கள் கொஞ்சம் எண்டபடியால் லேசு எண்டு நினைக்கக் கூடாது. கம்பஸ் நுழைவுக்கு எண்டு ஏஎல் மூண்டு தரம்தான் எழுதலாம் எண்டதையும் மறக்கவேண்டாம்.

படிவம் நிரப்புற கிழமை

ரிசல்ட் வந்து கொஞ்ச நாளில ஒன்லைனில விண்ணப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். இந்தக் கிழமையில வீட்டில நடக்கிற சண்டையைப் போல வேற எப்பவும் நடக்காது எண்டு நினைக்கிறன். தெரிவுகளை விருப்ப வரிசையில போடவேணும், அந்த வரிசைதான் எல்லாம். பிள்ளையின்ர ஸ்கோருக்கு மேல இருந்து கீழ பாத்துக்கொண்டு வருவினம், முதல் எதுக்குப் பொருந்துதோ அது கிடைக்கும். ஆகவே மெடிசினை முதல் போடுறதோ, மிருக வைத்தியத்தை முதல் போடுறதோ எண்டது வெறும் பேச்சு இல்லை.

என்ர அபிப்பிராயம் இதுதான். பிள்ளை உண்மையா மிருக வைத்தியம் தான் வேணும் எண்டு நிண்டால், ஸ்கோர் மெடிசினுக்குக் காணும் எண்டாலும் மிருக வைத்தியத்தை முதலாவதாப் போட விடுங்கோ. ஊர் என்ன சொல்லும் எண்டு பாத்து மேல மெடிசினைப் போட்டு, அது கிடைச்சு, பிறகு விருப்பமில்லாமல் படிக்கிற பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். அதே மாதிரி மெடிசின்தான் ஆசை எண்டு இருக்கிற பிள்ளையை மிருக வைத்தியத்தில ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு "அடுத்த முறை எழுதி மாறலாம்" எண்டு சொல்லாதேங்கோ, ஒருக்கா ரெஜிஸ்டர் பண்ணினால் பிறகு மாறுறது லேசில்லை, கைநூலில அந்த விதியை வாசிச்சிட்டு முடிவு எடுங்கோ. துறைக்கும் கம்பஸுக்கும் கைநூலில குடுத்திருக்கிற குறியீடு (யூனி-கோட்) பிழைக்காமல் பாருங்கோ, பெயர், அடையாள அட்டை இலக்கம், சுட்டெண் எல்லாத்தையும் இன்னொராள் வாசிச்சுச் சரி பாக்கட்டும், பிரிண்ட் எடுத்து ஒரு பிரதி வீட்டில வையுங்கோ. நெட் கபேயில குடுத்து அவையள் நிரப்பட்டும் எண்டு விடாமல் பிள்ளை தன்ர கையால நிரப்பட்டும்.

வீட்டில கதைக்க வேண்டிய கதைகள்

இதுதான் கஷ்டமான படி, ஒருத்தரும் கைநூலில போடாத படி.

எங்கட வீடு சைவம். வெள்ளிக்கிழமை எண்டால் அடுப்படி கழுவித்தான் சமையல். தங்கச்சி உடற்கூறு படிக்க மிருகத்தை வெட்டுவா, செத்த மாட்டை அறுத்துப் பாப்பா, கொல்களத்துக்குப் போய் இறைச்சி பாக்கப் படிப்பா எண்டு கேட்ட உடன அம்மாவுக்கு மனம் ஒப்பேல்லை. அது பிழையெண்டு நான் சொல்லமாட்டன், அது அவவின்ர நம்பிக்கை. ஆனால் அந்தப் படிப்பு ஏன் எண்டதை ஆறுதலா விளக்கவேணும். மாட்டுக்கு இருக்கிற காசநோய், கருச்சிதைவு நோய், நாடாப்புழு எல்லாம் இறைச்சியாலயும் பச்சைப் பாலாலயும் மனிசருக்கு வரக்கூடியது, அது சந்தைக்கு வர முதல் நிப்பாட்டுற ஆள் மிருக வைத்தியர். சாப்பிடச் சொல்லி ஒருத்தரும் கேக்கப் போறேல்லை, பிள்ளை சைவமாவே இருக்கலாம், பேராதனையில சைவச் சாப்பாட்டோட படிச்சு முடிச்ச எங்கட பிள்ளையள் கன பேர். 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் கிருமி எலியின்ர சலத்தில மட்டுமில்லை, மாட்டின்ர சலத்தாலயும் பரவும். மிருகத்தைப் பாக்கிறவர் மனிசரையும் காப்பாத்திறார் எண்டு அம்மாவுக்கு விளங்கினது அந்த நேரம்தான், அதுக்குப் பிறகு அவவே பக்கத்து வீட்டுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிட்டா.

அடுத்தது பயம். பொம்பிளைப் பிள்ளை மாட்டோட மல்லுக்கட்ட ஏலுமோ எண்டு அப்பா கேப்பார், மாமா கேப்பார். இப்ப இந்தத் துறையில படிக்கிறதில பொம்பிளைப் பிள்ளையள் கன பேர், மாட்டைப் பலத்தால பிடிக்கிறேல்லை, கயிறு போடுற விதத்தாலயும் கிட்டப் போற விதத்தாலயும்தான் பிடிக்கிறது. ஆனால் உண்மையான ஆபத்துகளை மறைக்கவும் கூடாது. உதை விழும், கடி விழும், விசர்நாய் விசயம் விளையாட்டில்லை. கடிபட முதலே போடுற விசர்நாய்த் தடுப்பூசி இருக்கு, ஏற்பூசியும் இருக்கு, பிள்ளை மிருகங்களோட வேலை தொடங்க முதல் ரெண்டையும் போட்டு முடிச்சிட்டாவோ எண்டு வீட்டுக்காரர் கட்டாயம் கேளுங்கோ, அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கோ.

கலியாணக் கதையும் வரும். "டொக்டர் எண்டால் சரி, மாட்டு டொக்டர் எண்டால்..." எண்டு இழுக்கிற ஆக்கள் இருக்கினம். அந்த இடத்தில வீட்டுக்காரர் நிமிந்து நிண்டு பதில் சொன்னால் பிள்ளைக்கு அது பெரிய பலம், நீங்கள் தலையைக் குனிஞ்சால் பிள்ளை தன்ர படிப்பைப் பற்றி வெளியில கதைக்கவே கூச்சப்படும். 2020 இல மாடுகளுக்கு உடம்பு முழுக்கக் கட்டி கட்டியா வந்த அந்தத் தோல் நோய் வடக்கில பரவேக்கயும், 2022 டிசம்பரில குளிரும் காத்தும் மழையும் ஒண்டா அடிச்சு வடக்குக் கிழக்கில நூற்றுக்கணக்கான மாடுகள் விறைச்சுச் செத்தேக்கயும் பட்டிக்காரர் தேடி ஓடினது ஆரிட்ட? ஒரு பசு செத்தால் அந்த வீட்டுப் பிள்ளையின்ர டியூசன் காசு செத்த மாதிரி, அது எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும்.

பேராதனைக்குப் போறது

நாட்டில மிருக வைத்தியப் பட்டம் குடுக்கிற இடம் ஒண்டே ஒண்டுதான், பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய, விலங்கு விஞ்ஞான பீடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில இல்லை, ஆகவே பிள்ளை வீட்டை விட்டுப் போகத்தான் வேணும். ஏ9 ரோட்டின்ர ஒரு நுனி யாழ்ப்பாணம், மற்ற நுனி கண்டி, இரவு பஸ் ஏறினால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டி விடியப்புறம் கண்டி. ரெயினில போறதெண்டால் பொல்காவலையில இறங்கி மாறவேணும், கம்பஸ் வளவோட ஒட்டினபடி சரசவி உயன எண்டு ஒரு சின்ன ஸ்டேசன் இருக்கு, சாமான் கூட உள்ள நாளில அது வசதி. முதல் தரம் வீட்டில இருந்து ஒராள் கூடப் போய் ஹொஸ்டல், பீடம், ஆஸ்பத்திரி, பாங்க் எல்லாம் எங்க இருக்கு எண்டு பாத்திட்டு வாறது நல்லது. ஹொஸ்டலுக்கு ரெஜிஸ்டர் பண்ணேக்கயே எழுதிப் போடுங்கோ. எங்கட வெயிலில வளந்த பிள்ளைக்கு அங்கத்தைய மழையும் காலமைக் குளிரும் புதுசு, ஒரு நல்ல கம்பளி, குடை, ஈரம் காயாத நாளுக்கு மேலதிக உடுப்பு. வளவுக்குள்ள குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கு, வெள்ளிக்கிழமைகளில எங்கட பிள்ளையள் அங்கதான் ஒண்டு சேருவினம், புதுசாப் போற பிள்ளைக்கு மூத்த ஆக்களைப் பழக அது நல்ல இடம்.

பகிடிவதையை (ராகிங்) பற்றி பயப்படுற பெற்றோர் கனபேர், அந்தப் பயம் நியாயமானதுதான். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், பீடத்திலயும் மானியங்கள் ஆணைக்குழுவிலயும் முறைப்பாடு செய்யலாம். பிள்ளைக்கு "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இரவில எத்தினை மணிக்கு எண்டாலும் கோல் எடுக்கலாம் எண்டு சொல்லி அனுப்புங்கோ, எடுத்தால் முதல் கேளுங்கோ, பிறகு புத்தி சொல்லுங்கோ.

பாசை விசயத்தைக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், ஏனெண்டால் எங்கட பிள்ளையள் உண்மையாச் சறுக்கிற இடம் அதுதான். படிப்பு முழுக்க இங்கிலீசில. ஏஎல் வரைக்கும் தமிழில உயிரியல் படிச்ச பிள்ளை திடீரெண்டு உடற்கூறு, உடற்றொழிலியல், ஒட்டுண்ணியியல் எல்லாம் இங்கிலீசில எண்டால் முதல் தவணை தலையில இடி விழுந்த மாதிரித்தான் இருக்கும். ஏஎல் முடிஞ்சு கம்பஸ் தொடங்குற வரைக்கும் கிடைக்கிற நீண்ட இடைவெளியை வீணாக்காதேங்கோ, ஏஎல் உயிரியல் பாடத்தையே இங்கிலீசில திருப்பி வாசிக்கட்டும், தெரிஞ்ச விசயம் எண்டபடியால் சொல் மட்டும்தான் புதுசு, கெதியாப் பிடிபடும். சிங்களமும் அதேயளவு முக்கியம். கடைசி வருசங்களில போதனா ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டு வாறவையும் பண்ணைக்காரரும் பெரும்பாலும் சிங்களத்தில கதைப்பினம், எத்தினை நாளாச் சாப்பிடேல்லை, சத்தி எடுத்ததோ, சாணி எப்பிடிப் போகுது, கடைசியா எப்ப ஊசி போட்டது எண்டு கேக்கத் தெரியாட்டி மிருகத்தின்ர கதை அரைவாசி கிடைக்காது. மிருகம் தானா வாய் திறந்து சொல்லாது, வளக்கிறவர் சொல்லுறதை வைச்சுத்தான் தொடங்கவேணும். ரூமில சிங்களப் பிள்ளை ஒண்டு இருந்தால் அதைப் பாக்கியமா எடுத்து அவவுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்து தான் சிங்களம் பழகட்டும், என்ர தங்கச்சி அப்பிடித்தான் பழகினவ, இண்டைக்கும் ரெண்டு பேரும் கேஸ் ஏதும் விளங்காட்டி ஆளுக்காள் கோல் எடுத்துக் கேப்பினம்.

காசு

அரச பல்கலைக்கழகம் எண்டபடியால் படிப்புக்குக் காசு இல்லை. சாப்பாடு, போக்குவரத்து, ரூம் வாடகை, போட்டோகொப்பி, லப்டொப் இதுகள்தான் செலவு. இந்தத் துறைக்கெண்டு மேலதிகமா வெள்ளைக் கோட், ஓவரோல், கம்பூட்ஸ், வெட்டிப் படிக்கிற கருவிப் பெட்டி, ஸ்டெதஸ்கோப், தேமோமீற்றர் வேணும். எல்லாத்தையும் முதல் நாளே வாங்காதேங்கோ, மூத்த பிள்ளையளிட்ட கேட்டால் எது எந்த வருசம் தேவை எண்டு சொல்லுவினம், சிலதை அவையளிட்டயே வாங்கலாம்.

மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கோ, அது கிடைக்காட்டி பல்கலைக்கழக உதவிப்பணம் இருக்கு. குடும்ப வருமானம் பாப்பினம், ஆகவே கிராம சேவகரிட்ட எடுக்கிற கடிதங்களை நேரத்தோட எடுத்து வையுங்கோ. வெளிநாட்டில மாமாவோ சித்தப்பாவோ உதவி செய்யிறன் எண்டால் சந்தோசம், ஆனால் ஒருக்காப் பெரிசாத் தாறதைவிட மாதம் மாதம் ஒரு சின்னத் தொகை படிப்பு முடியும்வரைக்கும் வாறதுதான் பிள்ளைக்கு நிம்மதி எண்டு வெளிப்படையாச் சொல்லுங்கோ. படிப்பு அஞ்சு வருசம், அதோட தொடங்க முதலும் முடிஞ்ச பிறகும் காத்திருக்கிற காலம் எண்டு வைச்சுக் கணக்குப் போடுங்கோ. கூடப் படிச்ச மற்றப் பிள்ளை வேலைக்குப் போய் மோட்டச்சைக்கிள் எடுத்திட்டான் எண்டு வீட்டில ஒப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினால் அது காசுப் பிரச்சினையை விடப் பெரிசு.

படிக்கேக்க வீட்டுக்காரர் செய்யக்கூடியது

முதல் வருசங்களில உடல் எப்பிடி இருக்கு, எப்பிடி வேலை செய்யுது, தீனி, வளர்ப்பு. நடுவில கிருமி, ஒட்டுண்ணி, நோயியல், மருந்து. கடைசியில சிகிச்சை, சத்திர சிகிச்சை, இனப்பெருக்கம், பொதுச் சுகாதாரம், களத்தில பயிற்சி. இதை நீங்கள் விளங்கி வைச்சிருந்தால் "எப்ப முடியும்?" எண்டு கேக்கிறதுக்குப் பதிலா "இப்ப எந்த மிருகத்தில படிக்கிறீங்கள்?" எண்டு கேக்க வரும், பிள்ளை மணிக்கணக்காக் கதைக்கும்.

இன்னொண்டு, சாவு. மனிச ஆஸ்பத்திரியை விட இங்க ஒரு வித்தியாசம், காப்பாத்த ஏலாத மிருகத்தை வேதனையில்லாமல் ஊசி போட்டு முடிக்கிறதும் வைத்தியரின்ர வேலை. அதோட, சுகப்படுத்தலாம் ஆனால் சொந்தக்காரரிட்டக் காசு இல்லை எண்டு விட்டிட்டுப் போற நாளும் வரும். முதல் தரம் அப்பிடி ஒரு நாள் வந்தால் பிள்ளை வீட்டுக்குக் கோல் எடுத்து அழும். அப்ப "மிருகம்தானே" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

பேராதனை கிடைக்காட்டி

மிருகங்களோட வேலை செய்ய வேற வழியும் இருக்கு, அதைத் தோல்வி எண்டு கணக்கு வைக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கு, அங்க விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம், ஊவா வெல்லஸ்ஸவில விலங்கு விஞ்ஞானப் பட்டம், வயம்பவில மாக்கந்துறையில கால்நடையும் மீன்பிடியும் போசாக்கும் சேந்த பீடம். இதுகள் படிச்சால் பண்ணை, பால், தீனி, ஆராய்ச்சி எண்டு போகலாம், ஆனால் மிருக வைத்தியர் எண்டு சிகிச்சை செய்ய ஏலாது, அந்த வித்தியாசத்தைத் தெளிவா விளங்கி எடுங்கோ. டிப்ளோமா படிச்சு கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரா வாறவையும் இருக்கினம், எங்கட ஊர்களில வீடு வீடாப் போய்ச் சினை ஊசி போடுறதும் தடுப்பூசி போடுறதும் கூடுதலா அவையள்தான், நல்ல மரியாதையான வேலை.

இந்தியாவுக்குப் போறதைப் பற்றிக் கன பேர் கேக்கினம். சென்னை வேப்பேரியில இருக்கிற மிருக வைத்தியக் கல்லூரி 1903 இல தொடங்கினது, இப்ப அது 1989 இல வந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கீழ. அங்கத்தைய படிப்பு பயிற்சியோட சேத்து அஞ்சரை வருசம். புலமைப்பரிசில் ஏதும் இருக்கோ எண்டு யாழ்ப்பாணத்தில இருக்கிற இந்தியத் துணைத்தூதரகத்தில நேர போய்க் கேளுங்கோ. எந்த நாட்டுக்குப் போனாலும், ஒரு சதம் கட்ட முதல், அந்தப் பட்டத்தை இலங்கை மிருக வைத்தியப் பேரவை ஏற்குமோ, திரும்பி வந்தால் என்ன பரீட்சை எழுதவேணும் எண்டு பேரவைக்கு எழுத்தில கேட்டு எழுத்தில பதில் எடுங்கோ. ஏஜென்சிக்காரர் வாயால சொல்லுறது காணாது.

முடிச்ச பிறகு

அரச சேவை எண்டால் மத்திய கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், அதின்ர தலைமையகம் பேராதனையில, பிறகு மாகாணத் திணைக்களங்கள். அதுக்கு வெளியில கோழிப் பண்ணைக் கொம்பனிகள், தீனி, மருந்துக் கொம்பனிகள், தனியார் கிளினிக், வனஜீவராசிகள், தெகிவளை மிருகக்காட்சிசாலை, மிருகத் தடுப்புக்காப்பு, ஆராய்ச்சி. யாழ்ப்பாணத்திலயும் இப்ப நாய் பூனை வளக்கிற ஆக்கள் கூடிட்டினம், ஆனால் எங்களுக்குக் கூடத் தேவை பட்டிக்காரருக்கும் ஆடு வளக்கிற பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் நெடுந்தீவு மாதிரிப் படகில போக வேண்டிய இடங்களுக்கும் வைத்தியர்தான். பிள்ளை திரும்பி வடக்குக்கு வரவேணும் எண்டு நான் ஆசைப்படுறன், ஆனால் அதைக் கடனா அவையின்ர தலையில கட்டக் கூடாது.

பட்டம் கையில வந்த உடன செய்ய வேண்டியது ஒண்டு இருக்கு, பேரவையில பதிவு. 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு இருந்தால்தான் மிருக வைத்தியரா வேலை செய்யலாம். படிக்கிற காலத்திலயே ஊருக்கு லீவில வந்தால் படலையில ஆக்கள் வந்து நிப்பினம், "பிள்ளை, ஆடு ரெண்டு நாளா எழும்புதில்லை, ஒரு ஊசி போட்டு விடு" எண்டு. போய்ப் பாக்கலாம், காய்ச்சல் பாக்கலாம், தண்ணி குடுங்கோ, நிழலில விடுங்கோ எண்டு சொல்லலாம், கிட்ட இருக்கிற அலுவலகத்து வைத்தியருக்குக் கோல் எடுத்துக் குடுக்கலாம். ஊசியும் மருந்துச் சீட்டும் பதிவு வரும்வரைக்கும் இல்லை. அதைப் பிள்ளையே வாசலில நிண்டு ஊர்ப் பெரியாக்களுக்குச் சொல்லுறது கஷ்டம், ஆகவே அம்மாவோ அப்பாவோ முன்னால போய் நிண்டு சொல்லுங்கோ.